அடைகாலம்

குணாளனுக்கு இன்று பல்வலி.
தவுக்கேயிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.
என் பாஸ் முடியும் மாதம் வந்தால்
அவருக்குப் பல் வலிக்கும்.
வலித்ததையெல்லாம் பிடுங்கியிருந்தால்
இந்நேரம் ஆறு பல் போயிருக்கும்.

பகாவ் பஸ் நிலையத்தில் இன்னும் இருட்டு.
செம்பனை ஆலையின் வாடை
புளித்த கஞ்சிபோல் துணியில் ஏறுகிறது.
மடியில் நீலக் கோப்பு.
கல்யாணச் சான்று, அதன் மொழிபெயர்ப்பு,
மொழிபெயர்ப்பு சரிதான் என்று ஒரு முத்திரை,
அவர் ஐசி நகல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு,
சேர்ந்து வாழ்கிறோம் என்பதற்கு
சேர்ந்து நின்று சிரித்த படங்கள்.
சண்டை போட்ட இரவுகளைப் படமெடுத்திருந்தால்
ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சிரம்பானில் ஏழு மணிக்கே வரிசை.
முன்னால் ஒரு இந்தோனேசியப் பெண்,
செருப்பைக் கழற்றி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள்.
போன வருஷமும் பார்த்தேன்.
அப்போது வயிற்றில் இருந்தது
இப்போது தூணைச் சுற்றி ஓடுகிறது.
எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரே சொல்:
துங்கு.
இந்த நாட்டில் நான் கற்ற முதல் சொல்லும் அதுதான். காத்திரு.
இரண்டாவது பெலும். இன்னும் இல்லை.
இரண்டே சொல்லில் ஆறு வருஷம் பேசிவிட்டேன்.

"அடை... காலாம்?"
கடவுச்சீட்டைப் பார்த்து அதிகாரி அழைக்கிறாள்.
ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயர் அடைக்கலம்.
நான் திருத்துவதில்லை.
கோழிக்கு இருபத்தொரு நாள்.
வாத்துக்கு இருபத்தெட்டு.
பிஆர் என்கிற முட்டைக்கு எத்தனை என்று
எந்தக் கவுண்டரிலும் எழுதி ஒட்டவில்லை.

வலது கட்டைவிரல்.
சிவப்பு விளக்கு.
துடைத்துவிட்டு வை.
சிவப்பு.
இடது.
சிவப்பு.

எந்த வேலையும் செய்யக்கூடாது என்று
என் பாஸில் சாப் இருக்கிறது.
என் விரலில் ரேகை இல்லை.
மூன்றாம் டிவிஷனில், மாமியார் பேரில்,
நான் பொறுக்கிய உதிரிப்பழம்
கோணி கோணியாய் ஆலைக்குப் போயிருக்கிறது.
முள்ளும் உரமும் தேய்த்து அழித்ததை
இயந்திரம் தேடிக்கொண்டிருக்கிறது.

"வேலை செய்கிறாயா?"
குணாளன் நிஜமாகவே
கன்னத்தில் கை வைத்துக்கொள்கிறார்.
"பாத்திரம் கழுவுகிறேன்" என்றேன்.
"வீட்டில். நிறையப் பாத்திரம்."

அவள் என் கையைத் திருப்பிப் பார்த்தாள்.
நகக்கண்ணில் ஆரஞ்சுக் கறை.
எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் போகாதது.
அந்த நிறத்தை அடையாளம் தெரியாதவர்கள்
இந்தப் பக்கத்தில் குறைவு.
இழுப்பறையைத் திறந்தாள்.
ஈரக்காகிதம் எடுத்தாள், ஒன்றல்ல, இரண்டு.
"வெந்நீரில் ஊறவை. மத்தியானம் வா.
அதுவரை பாத்திரம் கழுவாதே."

கேலியா, இரக்கமா?
படியிறங்கும்வரை எங்களுக்குள் அதே வாக்குவாதம்.
எதிர்க் கடையில் ஒரு கிளாஸ் வெந்நீர் கேட்டு
கட்டைவிரலை முக்கி உட்கார்ந்தேன்.
கடைக்காரர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
ஆறிய தண்ணீரை அவரே மாற்றி ஊற்றினார்.
"அடைகாக்கிறாயா?" என்று குணாளன் சிரித்தார்.
எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு
நீண்ட நேரம் நாங்கள் பேசவில்லை.

இரண்டரைக்குப் பச்சை.
இன்னும் ஒரு வருஷம்.
பிஆர் விண்ணப்பம் என்னாயிற்று என்று கேட்டேன்.
எனக்குத் தெரிந்த இரண்டாவது சொல்லைச்
சொன்னாள்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.
இரும்புக்கடையில் ஒரு ஜோடி கையுறை வாங்கினேன்.
நாலு ரிங்கிட் ஐம்பது, உள்ளங்கையில் ரப்பர் பூசியது.
நாளை மூன்றாம் டிவிஷனில் அறுப்பு.
ரேகையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்,
அடுத்த பல்வலி வரைக்கும்.